நின்றது விசிறிதான்

மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 ஜனவரியிலும் களுகங்கையில் 2018 ஜூலையிலும் நீர் நிரம்பத் தொடங்கியது. வயலையும் வீட்டையும் விட்டு எழும்பி வந்த குடும்பங்களுக்குப் பழைய காணி உறுதி, நட்டஈட்டுக் கடிதம், புதிய காணியின் அனுமதிப்பத்திரம் ஆகியவை உயிர்போன்றவை. அவற்றின் விபரங்களைப் பதிந்து வைத்த சங்கத்துக் கணனி, போட்டுப் பத்து நிமிடத்தில் தானாக அணைந்தால் மனம் பதறாதா? “மெஷின் முடிந்தது, புதிது வாங்குங்கள்” என்று கடையில் சொல்லவும் கூடும். அவசரப்பட வேண்டாம்.

கணனியின் மூளையாகிய செயலி வேலை செய்யும்போது கடுமையாகச் சூடாகும். அதன்மேல் அலுமினியத் தகடுகளும், அவற்றின்மேல் உள்ளங்கையளவு விசிறியும் உண்டு. விசிறி நின்றால் சூடு ஏறும். செயலி கருகாதிருக்கவே கணனி தன்னை அணைத்துக்கொள்கிறது. பதிவுகள் இருப்பது வேறிடத்தில், வன்தட்டில். விசிறி நின்றதால் அவை அழிவதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது நல்லதல்ல.

முதலில் செருகியைக் கழற்றுங்கள். பக்கத் தகட்டைத் திறந்தால் பாதி நோய் கண்ணுக்கே தெரியும். செம்மண் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். பல்லி செத்துக் கிடப்பதும் உண்டு. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். பின் இதழைச் சுண்டிப் பாருங்கள். இலகுவாகச் சுழன்றால் தூசிதான் காரணமாயிருக்கலாம். இறுகியிருந்தால் நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து, கீழே துவாரம் இருப்பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடலாம். தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்தென நம்புவோர் நாம். இங்கே மட்டும் வேண்டாம், அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

எண்ணெய் தற்காலிக வைத்தியமே. புது விசிறிக்கு மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ போகும்போது பழையதையே கையில் கொண்டுபோங்கள். அளவு, 12 வோல்ட், செருகியில் 3 துளையா 4 துளையா என்ற மூன்றும் பொருந்தவேண்டும். பழையது காற்றடித்த திசையிலேயே புதியதையும் பொருத்துங்கள். அலுமினியத் தகட்டைக் கழற்ற நேர்ந்தால், பழைய பசையைத் துடைத்துப் புதிதாக வெப்பக் கடத்துப் பசை சிறிது தடவியே திரும்பப் பூட்டவேண்டும்.

மின்சாரம் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்குள்ளும் ஒரு விசிறி உண்டு. அதைத் திறக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னும் உயிரைக் குடிக்கக்கூடிய மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கும். அது திருத்துநரின் வேலை.

திரும்ப ஓடியதும் முதல் வேலை, பதிவுகளைப் பென்டிரைவ் ஒன்றில் பிரதியெடுத்து வேறொரு வீட்டில் வைப்பது. பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஓடும்போது மேலே பூத்துணி போர்த்தாதீர்கள் என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. அணைத்துச் சூடு ஆறிய பின் போர்த்தலாம், தடையில்லை.