கொலஸ்டிரால் மருந்தும் சத்து மாத்திரைகளும்

இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் குறைக்க ஸ்டாட்டின் வகை மருந்துகளை உட்கொள்வோரில் பலர், மருத்துவரின் சீட்டின்றிக் கிடைக்கும் சத்து மாத்திரைகளையும் மூலிகை வில்லைகளையும் சேர்த்தே உண்கின்றனர். இயற்கைப் பொருள்கள் நன்மை செய்யாவிடினும் தீமை செய்யா என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சிவப்பு ஈஸ்ட் அரிசி காட்டுகிறது.

அரிசியின் மீது மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளர்த்துப் பெறப்படும் இப்பொருள், சீனத்திலும் ஜப்பானிலும் உணவுக்கு நிறமூட்ட நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1979இல் இவ்வினப் பூஞ்சையிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டினும் இதுவும் ஒன்றே! எனவே ஸ்டாட்டினுடன் இவ்வரிசி வில்லையை உண்பவர், அளவு தெரியாத மற்றொரு ஸ்டாட்டினையும் உண்டவராகிறார். தசைவலியும், அரிதாகத் தசைச் சிதைவும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் இதன் விளைவாகலாம். நாளொன்றுக்கு உட்கொள்ளும் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் விதித்தது. நச்சு கலந்த சிவப்பு ஈஸ்ட் அரிசி வில்லைகளால் சிறுநீரகம் பழுதுற்ற செய்தி 2024இல் ஜப்பானிலிருந்து வந்தது.

நம் நாட்டுக் குக்குலுவின் கதை வேறு. குஜராத், இராஜஸ்தான் வறண்ட நிலங்களில் வளரும் செடியின் பிசின் இது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதனின்று கொலஸ்டிரால் மருந்தொன்றை உருவாக்கியது. இந்திய ஆய்வுகள் பயனுண்டு என்றன. ஆனால் 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எட்டு வாரம் குக்குலு உண்டோரிடம் தீய கொலஸ்டிரால் குறைவதற்கு மாறாகச் சற்றுக் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் தோன்றியது. அதனை நம்பி மருத்துவர் தந்த மருந்தைக் கைவிடுவது தகாது.

நியாசின் என்னும் வைட்டமினைப் பெரும் அளவில் ஸ்டாட்டினுடன் கொடுத்துப் பார்த்ததில், 25,000 பேருக்கு மேல் பங்குகொண்ட 2014ஆம் ஆண்டு ஆய்வில் மாரடைப்பு முதலியன குறையவில்லை, கேடுகளே மிகுந்தன. தசைவலிக்காகப் பரிந்துரைக்கப்படும் கோ-என்ஸைம் க்யூ10இன் பயன் இன்னும் உறுதிப்படவில்லை. விலையோ மிகுதி.

சட்டப்படி இத்தகைய சத்துப் பொருள்கள் உணவே, மருந்தல்ல. மருத்துவப் பயனுக்கானதன்று என்று சீட்டில் அச்சிட வேண்டுமென்பது இந்திய விதி. அச்சிறு எழுத்துகளைப் படிப்போர் சிலரே. எனவே உண்பவை அனைத்தையும் புட்டிகளோடு மருத்துவரிடம் காட்டுதல் நன்று. காரணமற்ற தசைவலியோ கருநிறச் சிறுநீரோ கண்டால் உடனே அவரை அணுகுதல் வேண்டும்.

பயன் உறுதிப்பட்ட துணைப்பொருளும் இல்லாமலில்லை. குஜராத்தில் பெருமளவில் விளையும் இசப்கோல் உமியிலுள்ள நார்ப்பொருள், ஸ்டாட்டின் உண்போரிடமும் தீய கொலஸ்டிராலை ஓரளவு மேலும் குறைக்கிறது. மிகுந்த நீருடன், பிற மருந்துகளுக்குச் சில மணி நேரம் விட்டு உண்ண வேண்டும்.