வீட்டோடு ஒரு கார் ஷெட்: கடன் எழுதும் முன் நாம் தெரிந்து கொள்ள வேண்டியவை



கறவை மாடு, தையல் மிஷின், இட்லிக் கடை என்று வரும் கடன் மனுக்களுக்கு நடுவே இப்போது வேறு மாதிரி மனுவும் வருகிறது. வீட்டுக்காரர் மெக்கானிக், இத்தனை வருஷம் இன்னொருத்தர் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தார், இனி வீட்டோடு ஒரு ஷெட் போட்டு, பழைய கார்களை எடுத்துப் புதுப்பித்துக் கொடுக்கப் போகிறார். சில வீட்டில் ஐ.டி.ஐ. முடித்து வந்த மகன் இதே யோசனையைச் சொல்கிறான்.

யோசனை நல்லதுதான். அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-ல் நின்று போனது. மாருதி 800-ம் அதே வருஷம் நின்றது. பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ரோட்டில் பார்ப்பதே அபூர்வம். ஆனாலும் அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வாங்கிய வண்டி என்று விற்க மனசு வராமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கை வேலை சுத்தமாகத் தெரிந்தவருக்கு இதில் பிழைப்பு உண்டு.

ஆனால் கடன் நம் பெயரில். ஷெட் நம் சமையலறைச் சுவரை ஒட்டி. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொண்டால், தவணை கட்டுகிற நாளில் மட்டும் அது நம்ம சமாச்சாரம் ஆகிவிடும். ஆகவே எதை முதலில் வாங்க வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாங்கியதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று நாமும் தெரிந்து கொள்வோம்.

முதல் பணம் எதற்கு?

கடைக்குப் போனால் கண்ணை இழுப்பது பளபளப்பான டூல் செட்டும் கம்ப்ரசரும்தான். முதல் பணம் அதற்குப் போகக் கூடாது. தரை, ஸ்டாண்டு, எர்த் லைன், இந்த மூன்றுக்கும்தான் போக வேண்டும்.

அம்பாசடர் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ள வண்டி. சின்ன வண்டி என்று நாம் நினைக்கும் மாருதி 800 கூட 600 கிலோவைத் தாண்டும். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்குத்தான், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெயின் அழுத்தம்தான் வண்டியை நிறுத்தி வைக்கிறது. உள்ளே இருக்கிற சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் வண்டி இறங்கிவிடும். சொல்லிக்கொண்டு இறங்காது. எனவே ஜாக்கியில் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்கி, வண்டியை ஒரு தடவை கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் அடியில் போகணும். 3 டன் என்று முத்திரை உள்ள ஸ்டாண்டு இரண்டு ஜோடி இருந்தால் போதும், பெரும்பாலான கார்களுக்கு ஒத்து வரும்.

"ஸ்டாண்டு எதுக்கு, நாலு ஹாலோ பிளாக் அடுக்கினா ஆச்சு" என்று சொன்னால் விடாதீர்கள். ஹாலோ பிளாக் சுவருக்கு நல்லது. ஓர் இடத்தில் மட்டும் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். செங்கலும் அப்படித்தான். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல வழக்கம், ஆனால் அது ஸ்டாண்டுக்குக் கூடுதல்தான், ஸ்டாண்டுக்குப் பதில் இல்லை. தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்கணும். இந்தப் பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

மண் தரையில் ஸ்டாண்டின் கால் மெதுவாகப் புதையும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக. முழு ஷெட்டுக்கும் கான்கிரீட் போட முடியாவிட்டால், வண்டி நிற்கிற இடத்துக்காவது போடுங்கள். கூரை தகரமாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது கரண்ட். டிரில்லிங் மிஷின், ஆங்கிள் கிரைண்டர் எல்லாம் ஈரத் தரையில், வியர்வைக் கையில் ஓடுபவை. மூன்று பின் பிளக், உண்மையிலேயே வேலை செய்யும் எர்த், அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிப்பது இதுதான். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், லைன் போகணும். போகாவிட்டால் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வீட்டு மீட்டரில் தொழில் ஓட்டினால் மின்சாரச் சட்டப்படி அபராதம் வரும். வெல்டிங் மிஷின் வைக்கும் எண்ணம் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு, தனி இணைப்பு வாங்கிவிடுவது நல்லது.

ஸ்பேனர் வாங்கும் முன்

எந்த வண்டியை எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஸ்பேனர் வாங்கக் கூடாது. அம்பாசடர் பிறந்தது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியிலிருந்து. அதன் நட்டு போல்ட்டு அங்குலக் கணக்கு. பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100 வழி வந்தது, மாருதி ஜப்பான் வழி வந்தது. இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. பிற்காலத்தில் இசுசு இன்ஜினோடு வந்த அம்பாசடரில் இரண்டும் கலந்து வரும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறிவிடும், ஆனால் கொஞ்சம் லூசு. நாற்பது வருஷத் துரு பிடித்த நட்டில் அதைப் போட்டு இழுத்தால் நட்டின் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு உளி, கேஸ் கட்டிங் என்று ஐந்து நிமிஷ வேலை ஒரு நாள் ஆகும். ஒரு நாள் கூலி போச்சு. துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பதுதான் வழி. புளி ஊறுவதற்கு முன்னால் கரைக்கிற அவசரம் இங்கேயும் ஆகாது.

ஆரம்பத்துக்கு ரிங் ஸ்பேனர், டபுள் எண்ட் ஸ்பேனர் ஒவ்வொரு செட், சாக்கெட் செட், திருப்புளி, கொறடு, இரண்டு சுத்தியல், அரம், மேசையில் முடுக்கிய வைஸ், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஓட்டலாம். இன்ஜின் இறக்கும் செயின் பிளாக்கை வேண்டிய நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வைஸ், சுத்தியல், சட்டி பானை மாதிரி தேயாத பொருள்களை செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு புதுப்பேட்டை தெரியாமல் இருக்காது. ஆனால் ஜாக்கி, ஸ்டாண்டு, கேஸ் வெல்டிங் ஹோஸ் இவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

அடுப்பும் பெட்ரோலும்

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து வரும். ஷெட்டில் டேங்கைத் திறந்து வைத்தால், கதவிடுக்கு வழியாக அது நம் அடுப்பு வரை வர முடியும். அதனால் டேங்க் வேலை, கார்புரேட்டர் கழுவும் வேலை எல்லாம் வெளியே, திறந்த இடத்தில். அந்த நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கணும், சாமி விளக்கும்தான். ஷெட்டுக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் வைக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்திருப்பதால் அதுதான் இன்னும் மோசமாக வெடிக்கும்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதற்குப் பக்கத்தில் தீப்பொறி ஆகாது. கழற்றும்போது எர்த் வயர் முதலில், மாட்டும்போது எர்த் வயர் கடைசியில். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் ஒன்றும், ஒரு வாளி மணலும் கதவுப் பக்கம் இருக்கட்டும். உள் மூலையில் வைத்தால் தீயைத் தாண்டித்தான் போய் எடுக்கணும்.

வேலைத் துணியை யார் துவைக்கிறோம்?

நாம்தான். அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் லைனிங்கில், கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போதும் அந்தத் தூசி சட்டையில் ஏறி வீட்டுக்குள் வருகிறது. துவைக்கும் முன் நாம் சட்டையை உதறினால் நம் மூச்சுக்குள் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியோ பல வருஷம் கழித்து நுரையீரலில் நோயாக வரும். பட்டறைக்கே போகாமல், துணி துவைத்ததால் மட்டும் நோய் வந்த பெண்கள் பல நாடுகளில் உண்டு.

ஆகவே பிரேக் டிரம்மில் காற்றடிக்கவே கூடாது, ஈரத் துணியால் துடைக்கணும். பெயிண்டைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கணும். வேலைத் துணி ஷெட்டிலேயே மாட்டிக் கிடக்கட்டும். அதை உதறாமல் தண்ணீரில் நனைத்து, தனியாகத் துவையுங்கள். கை கால் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கணும்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் இன்னொரு விஷயம். அதில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒரு தடவை வந்தால் பிறகு கொஞ்சம் வாடை பட்டாலும் இழுப்பு வரும். மூக்கில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. இந்த ஒரு வேலையை மட்டும் பூத் வைத்திருக்கும் பெயிண்ட் கடையில் கொடுத்துவிடுவதே மேல். லாபம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

சாயங்காலம் பத்து நிமிஷம்

சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் மாட்டி, அதைச் சுற்றிப் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். எது இல்லையோ அந்த இடம் காலியாகத் தெரியும். இரவல் போன சாமானும் தெரியும். எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு கொடுத்தால் மழைக்காலத்திலும் துரு ஏறாது. கம்ப்ரசர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தினமும் தண்ணீரை வெளியேற்றணும். இல்லாவிட்டால் டேங்க் உள்ளே துருத்துக் கொண்டே வரும், வெளியே தெரியாது, ஒரு நாள் வெடிக்கும். கழற்றிய நட்டு போல்ட்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று சீட்டு எழுதிப் போடுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது ஞாபகம் கை கொடுக்காது.

தவணைக் கணக்கு

ஒரு காரை முழுசாகப் புதுப்பிக்க மாதக்கணக்கில் ஆகும். பணம் கடைசியில்தான் வரும். ஆனால் நம் தவணை மாதாமாதம். இந்த இடைவெளியில்தான் பல சின்னத் தொழில்கள் படுத்துக்கொள்கின்றன. அதனால் வாரத்தில் பாதி நாள் சர்வீஸ், பிரேக் வேலை, பஞ்சர் என்று அன்றாடம் காசு வரும் வேலைக்கு ஒதுக்கணும். தவணை அதிலிருந்து. புதுப்பிக்கும் வண்டிக்கு டிங்கர் வேலை முடிந்ததும் இவ்வளவு, இன்ஜின் ஓடியதும் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பணம் வாங்க எழுதிக்கொள்ளணும். சாமான் வாங்க முன்பணம் தனி. முன்பணம் தராத வண்டியை ஷெட்டில் ஏற்றினால், சொந்தக்காரர் வராமலே போய், வண்டி நம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

வண்டியை உள்ளே எடுக்கும் முன் ஆர்.சி. நகல் வாங்கி, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றணும் என்பதை வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி தனியாக 'வின்டேஜ்' பதிவு உண்டு, அதற்கு வண்டி பழைய வடிவம் மாறாமல் இருக்கணும்.

குழுவின் உள்கடன் போதாதவர்கள் வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம். 'சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். எங்கே கேட்டாலும் மனுவோடு சாமான் பட்டியலை வாங்கப் போகும் வரிசையில் எழுதி, இரண்டு கடைகளின் விலைப்பட்டியலையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். பட்டியலில் ஸ்டாண்டும் ஆர்.சி.சி.பி.யும் தீயணைப்பு சிலிண்டரும் முதல் வரிகளில் இருக்கணும்.