கண்ணாடி போட்டும் பவர் ஏறுதா? குழந்தைகளின் கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்துவது எப்படி?

"போர்டுல எழுதுறது தெரியலம்மா!" பள்ளிக்கூடம் திறந்த சில வாரங்களில் பல வீடுகளில் கேட்கும் புகார் இது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் அப்பா டேனரிக்கும் அம்மா ஷூ கம்பெனிக்கும் போகும் வீடுகள் நிறைய. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பல நேரம் செல்போன்தான் துணை.

கண்ணாடி வாங்கிக் கொடுத்தாச்சு, பிரச்சினை முடிஞ்சது என்று நினைத்தால், அடுத்த வருஷம் பவர் ஏறியிருக்கும். பார்வையைச் சரிசெய்வது ஒரு வேலை. பவர் ஏறும் வேகத்தைக் குறைப்பது இன்னொரு வேலை. சாதாரணக் கண்ணாடி முதல் வேலையை மட்டுமே செய்யும்.

கிட்டப்பார்வை என்றால் என்ன?

கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். கண் முன்பின்னாக அளவுக்கு மேல் நீள்வதே இதற்கு முக்கியக் காரணம். கண் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே சுமார் 2.5 முதல் 3 வரை மைனஸ் பவர் வந்துவிடும். அப்படி நீண்ட கண் பழைய அளவுக்குத் திரும்பாது.

ஷூ தைக்கும் அம்மாவுக்கு 40 வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாகுமே, அது வெள்ளெழுத்து. அதற்கு பிளஸ் பவர். பிள்ளைக்கு வருவது வேறு பிரச்சினை.

பவர் ஏறினால் என்ன ஆபத்து?

மைனஸ் 6-ஐத் தாண்டும் கண்ணில், பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்தம் போன்றவை வரும் வாய்ப்பு அதிகம். இதில் போகும் பார்வை சில சமயம் திரும்பக் கிடைக்காது. 6, 7 வயதிலேயே தொடங்கினால் பவர் ஏறுவதற்கு இன்னும் பல வருஷங்கள் இருக்கின்றன. அதனால்தான் சின்ன வயதிலேயே வேகத்தைக் குறைப்பது முக்கியம்.

வெளியே விளையாடினால் கண்ணுக்கு நல்லதா?

ஆமாம். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. சிங்கப்பூரில் 29% பேருக்கும், சிட்னியில் 3% பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னி குழந்தைகள் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர் குழந்தைகள் 3 மணி நேரம்தான்.

சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் குழந்தைகளை வெளியே விட்டுப் பார்த்தார்கள். 3 ஆண்டுகளில் அவர்களில் சுமார் 30% பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் அது சுமார் 40%.

பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரப்பைத் தூண்டி, கண் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்று கருதப்படுகிறது. ஒரு விஷயம்: கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் இதன் பலன் அதிகம். ஏற்கெனவே வந்தவர்களுக்கு இது மட்டும் போதாது.

வேலூர் வெயில்ல எப்படி வெளியே விடுறது?

உச்சி வெயில் வேண்டாம். காலையிலும் மாலை 4 மணிக்கு மேலும் விடலாம். வேப்பமர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. தினமும் 2 மணி நேரம் இலக்கு. பள்ளிக்கு நடந்து போவதும் இதில் சேரும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

பவர் ஏறுவதைக் குறைக்க என்ன சிகிச்சை?

அட்ரோபின் சொட்டு மருந்து: 0.01% முதல் 0.05% வரையிலான மிகக் குறைந்த அளவில், இரவு தூங்கும் முன் விடுவது. ஹாங்காங்கில் நடந்த ஆய்வில் 0.05% நல்ல பலன் தந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 1% அட்ரோபினை மாற்றி விட்டால் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் பவர் வேகமாக ஏறலாம்.

சிறப்புக் கண்ணாடி: லென்ஸின் நடுப்பகுதியைச் சுற்றி நுண்ணிய லென்ஸ்கள் பதித்தவை. ஹாங்காங்கில் 2 ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஒரு வகை லென்ஸ் பவர் ஏறுவதைப் பாதியளவு குறைத்தது. சாதாரணக் கண்ணாடியைவிட விலை பல மடங்கு அதிகம்.

எந்த சிகிச்சையும் வந்த பவரை இறக்காது. ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும்.

"கண்ணாடி போட்டா பவர் ஏறும்" உண்மையா?

இல்லை. வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த மலேசிய ஆய்வில், அந்தக் குழந்தைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. சரியான பவரில் தொடர்ந்து போடுவதே நல்லது.

எங்கே போவது?

வேலூர் ஆரணி ரோட்டில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனை உள்ளது. 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை அது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். பார்வைக் குறைபாடுள்ள பள்ளி மாணவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இலவசக் கண்ணாடி உண்டு. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை: அறையின் மறுபக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தினசரி காலண்டரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். உங்களுக்குத் தெரிவது பிள்ளைக்குத் தெரியவில்லை என்றாலோ, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தாலோ தாமதிக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம்.