ஓட்டல் குப்பை வாளியில் என்ன போகிறது?



நம் குழுக்களில் மெஸ் நடத்துகிறவர்கள், இட்லிக் கடை போட்டிருப்பவர்கள், கேன்டீன் எடுத்துச் செய்பவர்கள், ஓட்டல் கழனித் தண்ணியை வாங்கி மாடு வளர்ப்பவர்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். ஒருவர் கொட்டுவதைத்தான் இன்னொருவர் மாட்டுக்கு வைக்கிறார். அதனால் இந்த இதழில் ஓட்டல் குப்பையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசுவோம்.

"சமைச்சா மிஞ்சத்தான் செய்யும், இதுல என்னங்க கணக்கு?" என்று கேட்கலாம். ஒரு வாரம் மட்டும் மூன்று வாளி வைத்துப் பாருங்கள். காய் நறுக்கிய கழிவு ஒன்றில், விற்காமல் மிஞ்சியது ஒன்றில், இலையில் மிச்சம் வைத்தது ஒன்றில். ராத்திரி எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். விற்காமல் மிஞ்சினால் சமைக்கிற அளவில் கோளாறு. இலையில் மிஞ்சினால் பரிமாறுகிற அளவில் கோளாறு.

ஒரு கிலோ அரிசி வடித்தால் ஏறக்குறைய மூன்று கிலோ சோறு வரும். தினம் 3 கிலோ சோறு வாளிக்குப் போனால், ஒரு கிலோ அரிசி போச்சு. கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,500 ரூபாய். கேஸ், காய்கறி, நம் கை உழைப்பு எல்லாம் தனி. மொத்தச் சோற்றையும் ஒரே உலையில் வடிக்காமல், கூட்டத்தைப் பார்த்து இரண்டாவது உலை வையுங்கள். முதலில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டு, கேட்டால் மனசோடு மறுசோறு போடுங்கள். பொரியலைக் கேட்டு வையுங்கள். புளித்த மாவு ஊத்தப்பம், பணியாரத்துக்கு ஆகும். ஆனால் நேற்றைய சாம்பாரை இன்றைய சாம்பாரில் கலக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிக்கனம் இல்லை.

இனி மாட்டு விஷயம். காய்த் தோல், கீரைத் தண்டு, அரிசி கழுவிய தண்ணி இவை மாட்டுக்கு நல்லது. சோறு அப்படி இல்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியது என்று ஒரு அண்டா சோற்றை ஒரே நேரத்தில் வைத்துவிட்டால், மாட்டின் வயிற்றில் அமிலம் கூடிப்போகும். அசை போடாது, தீவனம் எடுக்காது, வயிறு உப்பும், உயிருக்கே ஆபத்தாகும். கடன் வாங்கிப் பிடித்த மாடு, தவணையோ இன்னும் பாக்கி இருக்கும்! கொஞ்சமாக, வைக்கோலோடு சேர்த்துத்தான் சோறு கொடுக்க வேண்டும். மீறி நடந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி கிடைக்கும்.

அதேபோல சட்னி கட்டின பாலிதீன் கவர் கழனிக்குள் விழக் கூடாது. மாடு அதைத் துப்பாது. முழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும். பொட்டலத்து ஸ்டேப்ளர் பின்னும் ஆபத்துதான். ஓட்டலில் வேலை செய்கிற சகோதரிகள் இலை எடுக்கும்போதே கவரைத் தனியாகப் போட்டால், மாடு வைத்திருக்கிற சகோதரி பிழைத்தார். இந்தக் கவர், பிளாஸ்டிக் கப், மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் சேர்த்தி.

அடுத்து வடைச் சட்டி எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் கெட்டுப்போய் உடம்புக்குத் தீங்கான பொருள்கள் உண்டாகின்றன. அந்தக் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, பிசுபிசுத்து, சீக்கிரமே புகைந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். ஒரு தடவை பொரித்ததை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்கும் குழம்புக்கும் தீர்த்துவிடுவது நல்லது. பொரிக்க நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் விதி.

கறுத்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். குறைந்த விலைக்குத் தள்ளுவண்டிக் கடைக்குத் தள்ளிவிட்டால், அதில் பொரித்த போண்டாவை நம் பிள்ளைகளே வாங்கித் தின்னும். டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற எண்ணெய் சேகரிப்பாளரிடம் விற்றால் பயோடீசல் ஆகிறது, கையில் காசும் வருகிறது. யாரிடம் கொடுக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து கொடுத்தால் எடுக்க வருகிறவருக்கும் கட்டுபடியாகும்.

மீதி இருப்பது எச்சில் இலை, டீத்தூள், முட்டை ஓடு. இலையைக் கிழித்துப் போட்டு, அதைப்போல இரண்டு மடங்கு காய்ந்த சருகு சேர்த்து, சாணிக் கரைசல் தெளித்து, வாரம் ஒரு தடவை கிளறிவிட்டால் இரண்டு மாதம் போல உரமாகிவிடும். எண்ணெய்ப் பசை, கறித் துண்டு சேர்க்க வேண்டாம். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணி சொட்டக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்; இன்னும் இரண்டு கூடை சருகைக் கொட்டுங்கள். மண் வாசனை வந்த பிறகு சலித்துச் சாக்கில் கட்டலாம்.