'அந்த நாள்' திரைப்படத்தில் சான்றுரையும் துப்புத் துலக்கலும்

குற்றவாளியைக் காவலர் தேடும் கதை தமிழ்த் திரையில் பெரும்பாலும் ஓட்டமும் துரத்தலுமாகவே அமையக் காண்கின்றோம். நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவி 1954 இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' அத்தகையது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' இந்நெறியினின்று முற்றும் விலகியது. வீணை வல்லுநர் எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படத்தில் பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. நிகழ்ச்சிகள் பெரிதும் ஒரு வீட்டைச் சுற்றியே அமைகின்றன. இச்சுருக்கத்தைச் சிக்கனம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. துரத்தலுக்கு இடமின்மையின், தேடல் முழுவதும் சொல்லின்மேல் நின்றது என்க.

1943 அக்டோபரில் சப்பானியர் சென்னைமீது குண்டு வீசியதை அடுத்து, வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கின்றான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் ஐயத்திற்குரியோரை ஒவ்வொருவராக வினவுகின்றார். அவ்வேடம் தாங்கிய ஜாவர் சீதாராமனே உரையாடலும் எழுதியவர். அண்டை வீட்டான், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி ஆகியோர் தத்தம் மனப்பாங்கிற்கேற்ப ராஜனைச் சித்திரித்துப் பழியைப் பிறர்மேல் ஏற்றுகின்றனர்.

இதனைக் குரோசாவாவின் 'ரஷோமோன்' என்னும் 1950 ஆம் ஆண்டுப் படத்தின் வழித்தோன்றல் என்பர். தூண்டுதல் அதுவே ஆயினும், இயல்பு வேறு. ஆங்கு உண்மை இறுதிவரை ஐயத்திலேயே நிற்கும். ஈண்டு ஐயம் நீங்கி உண்மை துணியப்படுகின்றது. ராஜன் பகைவருக்கு மறைச்செய்தி விற்ற ஒற்றன். அவனைத் தடுக்க முயன்ற மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியே வெடித்தது. கொன்றவரைத் தேடிய காவலர் கொலையுண்டவனையே குற்றவாளியாகக் காண்கின்றனர்.

சிலப்பதிகாரம் பயின்றார்க்கு இம்முடிவு புதிய சிந்தனை தரும். பாண்டியன் ஒரு பொற்கொல்லன் சொல்லையே சான்றாகக் கொண்டு ஆராயாது ஒறுத்தான். சிவானந்தமோ பலர் சொல்லையும் கேட்டு எதனையும் எளிதில் நம்பாதவர். இதனினும் நுண்ணியது மனைவியர் நிலை. கண்ணகி தன் கணவன் கள்வன் அல்லன் என்று அவையில் நிறுவினாள். உஷாவோ தன் கணவன் நாட்டையே களவு விற்றவன் என்று வீட்டிற்குள் அறிந்தாள். முன்னவளுக்குச் சிலம்பு சான்றாயிற்று. பின்னவளுக்குத் தன் வாக்குமூலமன்றி வேறு துணையில்லை. கணவனைத் தெய்வமாகப் போற்றும் குடும்பக் கதைகள் மலிந்த திரையில், பண்டரிபாய் ஏற்ற இப்பாத்திரம் துணிவுடையதே. இப்படம் வெளிவந்த திங்களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. நாட்டின்மேற் பற்றா, உற்றாரின்மேற் பற்றா என்னும் வினா இந்நகரத்தார்க்கு வெறுங்கதைப் பொருளாக இருந்திராது.

பாடலை எதிர்பார்த்த அவையினர் அன்று இப்படத்தைப் போதிய அளவு ஆதரிக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1964 இல், பாலசந்தர் இயக்கிய மருமப் படமாகிய 'பொம்மை'யில் பாடல்கள் இடம்பெற்றன.