அறுபது டெசிபல் கோட்டுக்கு வெளியே நிற்கும் குழந்தைகள்

தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவது தஞ்சை வட்டாரத்தில் ஊரறிந்த குடும்ப விழா. காது மடல் சிறுத்தோ, செவித்துளை இன்றியோ பிறந்த குழந்தையின் வீட்டில் அந்த விழா ஒரு வேதனையாகிறது. கிரகண நேரத்தில் வெளியே வந்தாள் என்ற பழி தாயின் மீது விழுகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. கருவளர்ச்சியின் தொடக்க மாதங்களில் வெளிச்செவியும் நடுச்செவியும் முழுமையாக உருவாகாமல் போவதே இக்குறைபாடு. ஏறத்தாழ 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் செவித்துளை அடைப்பு காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு காதிலும், சிலருக்கு இரு காதுகளிலும் அது அமைகிறது.

உட்செவி வேறொரு கருத்திசுவிலிருந்து உருவாவதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் செவிநரம்பும் நலமாகவே உள்ளன. ஒலி செல்லும் வழிதான் மூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டால் பரவலாக அறியப்பட்ட காக்ளியர் உள்வைப்பு, உட்செவி செயலிழந்தோருக்கானது. இவர்களின் தேவை வேறு. கைக்குழந்தைப் பருவத்திலேயே, தலைப்பட்டையில் பொருத்திய எலும்புவழிக் கேட்புக் கருவியால் ஒலியை உட்செவிக்குக் கொண்டுசெல்ல முடியும். வளர்ந்தபின், சி.டி. ஸ்கேனில் நடுச்செவியின் அமைப்பு இடமளித்தால், நடுச்செவி உள்வைப்பு ஒரு வழி.

கேட்புக் குறைபாடுடைய அமெரிக்கப் பொறியாளர் ஜெஃப்ரி பால் உருவாக்கிய 'வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ்' 1996இல் சூரிச் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. வெளியே அணியும் கருவி ஒலியைச் சமிக்ஞையாக்கித் தோல்வழியே அனுப்புகிறது. நெல்மணியை விடச் சிறிய அதிர்வான், காதுச் சிற்றெலும்பையோ உட்செவியின் வட்டச் சாளரத்தையோ அதிரச் செய்கிறது. செவித்துளை தேவைப்படுவதில்லை.

அறிவியல் திறந்த இக்கதவைச் சட்டத்தின் ஓர் எண் மறிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் அட்டவணை, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்பிழப்பு உடையவரையே 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்கிறது. செவித்துளை அடைப்பால் நேரும் இழப்போ பெரும்பாலும் 60 டெசிபலை ஒட்டியோ, அதற்குச் சற்றுக் கீழேயோ நின்றுவிடுகிறது. இயல்பான உரையாடலின் ஒலியளவே ஏறத்தாழ 60 டெசிபல்தான். 55 டெசிபல் இழப்புடைய குழந்தைக்கு வகுப்பறையில் ஆசிரியர் குரல் முணுமுணுப்பாகவே எட்டும். அட்டவணைக் கணக்கிலோ அதற்குக் குறைபாடே இல்லை. ஒரு காது மட்டும் அடைபட்ட குழந்தையும் கணக்கில் வராது.

இதன் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள குடும்பம் சென்னையின் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குச் செல்லும் தலித் பெற்றோருக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து செல்வதே ஒருநாள் கூலி இழப்பு. கேட்காததால் பதில் சொல்லாத சேரிக் குழந்தைக்கு, 'படிப்பு ஏறாது' என்ற சாதி முத்திரை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. குறைபாட்டைச் சாதியும், சாதியைக் குறைபாடும் மறைக்கின்றன.

எனினும் சட்டத்தில் வழி உண்டு. பிரிவு 24(3), உதவிக் கருவிகளையும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையையும் வருமான வரம்புக்கு உட்பட்டு இலவசமாக வழங்குவது பற்றிப் பேசுகிறது. அது 'மாற்றுத்திறனாளிகள்' என்றே கூறுகிறது. 40 விழுக்காட்டு வரம்பை விதிக்கவில்லை. நீண்டகாலக் குறைபாடு, சமூகத் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளியே என்பது பிரிவு 2இன் பொது வரையறை. விகாஷ் குமார் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம், நியாயமான வசதிகளைப் பெற 40 விழுக்காடு முன்நிபந்தனை ஆகாது எனத் தீர்ப்பளித்தது. இவற்றை இணைத்து வாதிட முடியும்.

காது மடல் குறைபாடு பிறந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிவது. 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசிய சிறார் நலத் திட்டத்தின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அக்குழந்தையை உடனே அனுப்பத் தடையேதும் இல்லை. கேட்புப் பரிசோதனை அறிக்கையுடன் எழுத்துமூலம் விண்ணப்பிப்போம். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்டுப் பெறுவோம். அதைக் கொண்டு, பிரிவு 80இன்கீழ் மாநில ஆணையரிடம் முறையிடுவோம். கிராமங்களில் பணியாற்றும் தோழர்களும் மாணவர்களும் இப்பணியை இன்றே தொடங்கலாம். பேச்சைக் கற்கும் வயது எந்த அரசாணைக்காகவும் காத்திருக்காது.