சமதர்ம ஆட்சியும் நம் குமரி மண்ணும்

மார்த்தாண்டம், புதுக்கடை என்னும் நம் மாவட்டத்து ஊர்கள் இரண்டும் இந்தியச் சோஷலிச இயக்கத்தின் வரலாற்றில் இடம்பெற்றவை என்று கூறினால் நம் மாணவர் பலர் வியப்படைவர். தமிழகத்தோடு இணையும் போராட்டத்தின் களங்களாகவே அவ்வூர்களை நாம் அறிந்திருக்கிறோம். ஆயின், வாக்குச்சீட்டின் வழியே ஆட்சிக்கு வந்த ஒரு சமதர்மக் கட்சி தன் மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யலாமா என்னும் வினா, அவ்வூர்களிலிருந்து எழுந்து அக்கட்சியையே அகில இந்திய அளவில் உலுக்கியது.

சமதர்மத்தைப் புரட்சியால் அன்றித் தேர்தலாலும் சட்டத்தாலும் படிப்படியாக நிலைநாட்டலாம் என்னும் கொள்கையையே சமூக சனநாயகம் என்பர். அதன் தொட்டில் ஜெர்மனி. அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. தொழிலாளர்க்கு நோய்க்காப்புறுதியை 1883-இலும், முதியோர் ஓய்வூதியத்தை 1889-இலும் வழங்கிய பிஸ்மார்க்கு, சமதர்மவாதியல்லர், அவர்களின் பகைவர். 1878 முதல் 1890 வரை அவர்தம் கூட்டங்களையும் ஏடுகளையும் தடைசெய்திருந்த சட்டம் அவர் கொணர்ந்ததே. ஒரு கையால் உதவி, மறு கையால் வாய்ப்பூட்டு. பின்னாளில் 1932-இல் ஆட்சியேறிய சுவீடன் சமூக சனநாயகக் கட்சியும், 1945-இல் வென்ற பிரிட்டிஷ் தொழிற்கட்சியும் இவ்விரண்டையும் பிரித்தன. 1948 ஜூலை 5-இல் பிரிட்டனில் தொடங்கிய தேசிய நலவாழ்வுப் பணி, நோயாளி எவராயினும் அவரிடம் கட்டணம் கேளாது மருத்துவம் செய்தது. அது அரசு இட்ட பிச்சையன்று. வாக்களித்த குடிமக்கள் தமக்குத் தாமே ஆக்கிக்கொண்ட உரிமை.

ஈகைக்கும் உரிமைக்கும் உள்ள இவ்வேறுபாடு நம் சமுதாயப் பெரியோர்க்குப் புதிதன்று. ஜகாத் என்பது செல்வர் மனமிரங்கித் தரும் கொடையன்று, செல்வரின் பொருளில் வறியவர்க்குள்ள பங்கு என்பதை நாம் இளமையிலேயே கற்கிறோம். பழைய திருவிதாங்கூரிலோ அரசுச் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. அங்கே இலையிட்டுச் சோறு படைக்கப்பட்டது பிராமணர்க்கு மட்டுமே. வரி கொடுத்த உழவனும் மரமேறியும் மீனவனும் அப்பந்தியில் அமர இயலாது. அரசு சோறிடுவதனாலேயே அது மக்கள்நல அரசாகிவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி 1954-க்கு வருவோம். அவ்வாண்டு நடந்த திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 117 இடங்கள் கொண்ட அவையில் பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி பெற்றவை 19 மட்டுமே. எனினும் கம்யூனிஸ்டுகள் ஆட்சியமைப்பதை விரும்பாத காங்கிரசு வெளியிலிருந்து ஆதரவளிக்க, பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்டு அமைச்சரவை மார்ச்சுத் திங்களில் பதவியேற்றது. தமக்கெனப் பெரும்பான்மையற்ற அவ்வமைச்சரவை பிறர் தோளிலேறி நின்றது என்பதை நாம் மறத்தலாகாது. பெருஞ் சீர்திருத்தம் எதனையும் செய்ய அதற்கு வலுவில்லை.

அதே தேர்தலில் மார்ஷல் நேசமணி முதலியோர் வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு 12 இடங்களில் வென்றது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்பது அதன் கோரிக்கை. தேவிகுளம், பீருமேடு பகுதித் தமிழர்மீது நடந்த அடக்குமுறை கிளர்ச்சியை வளர்த்தது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. உயிர்கள் பல பலியாயின.

அப்போது அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா உத்தரப் பிரதேசத்தில் சிறையிலிருந்தார். செய்தி கேட்டதும், அமைச்சரவை பதவி விலகவேண்டும், நீதி விசாரணை வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆயுதமற்ற மக்களைச் சுடும் ஆட்சிக்குச் சமதர்மப் பெயர் தகாது என்பது அவர் கருத்து. பட்டம் இணங்கவில்லை. நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சியின் சிறப்பு மாநாடும் அமைச்சரவையின் பக்கமே நின்றது. ஒழுங்கைக் காப்பது எந்த ஆட்சிக்கும் கடமையன்றோ என்று வாதிட்டோரை முற்றிலும் தவறுடையோர் என்று நாம் கூறத் துணியோம். ஆயினும் விசாரணைக்கு முன்பே பதவி துறப்பது மிகை என்போர், அம்மக்கள் கேட்டது யாது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். தம் மொழியில் ஆளப்படுவதைத்தான் அவர்கள் கேட்டார்கள். லோகியா பொறுப்பைத் துறந்தார். அமைச்சரவையும் நெடுநாள் நீடிக்காமல் 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது.

அதற்கு முந்திய திங்களில், சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு 'சமதர்ம பாணிச் சமுதாயம்' என்பதைத் தன் இலக்காக அறிவித்திருந்தது. அத்தீர்மானத்தை வரவேற்பதா மறுப்பதா என்ற பூசலே பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியை முற்றாகப் பிளந்தது. 1955 இறுதியில் லோகியா தனிக்கட்சி கண்டார். பெயரில் சமதர்மம் கொண்டோர் இவ்வாறு பிரிந்துகொண்டிருக்க, அப்பெயரில்லாத ஒருவர் சென்னை மாநிலத்தில் பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்தார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் துணைநின்றார். தொடக்கத்தில் ஊரார் தந்த அரிசியும் காய்கறியும் அத்திட்டத்திற்கு ஆதரவாயின. ஈகையில் தொடங்கி அரசின் கடமையாக வளர்ந்த திட்டம் அது. அதே 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. ஊட்டுப்புரை கண்ட மண்ணின் பிள்ளைகள் இனிச் சாதி பாராத பந்தியில் அமரலாயினர். சொந்த ஊரான விருதுநகரில் 1967-இல் தோற்ற காமராஜரை, 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது.

1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோது, நிதி தாங்காது என்று எள்ளி நகைத்தோர் பலர். 1997-இல் மத்திய அரசு ரேஷன் அரிசியை வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தபோதும், தமிழகம் அனைவர்க்குமான கடையையே தொடர்ந்தது. இன்று இவற்றை 'இலவசம்' என்று இகழ்வது படித்தோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. சத்துணவு உண்டு வளர்ந்தவர் ஆசிரியராகி, அச்சொல்லை அதே வகுப்பறையில் சொல்லக் கேட்கும்போது நமக்கு வருத்தமே மிகுகிறது.

சோறு உரிமையே என்பதை நாடு முழுமைக்கும் உறுதிசெய்த ஆணை 2001 நவம்பர் 28-இல் பிறந்தது. கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க மக்கள் பட்டினி கிடக்கலாமா என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அரசு மற்றும் அரசுதவி பெறும் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு அளிக்க உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. வழக்குத் தொடுத்தது உணவு குறித்த அமைப்பன்று. காவல்துறை அத்துமீறலையும் பேச்சுரிமைப் பறிப்பையும் எதிர்க்கும் மக்கள் சிவில் உரிமைக் கழகம். நெருக்கடிநிலைக் காலமான 1976-இல் அதற்கு வித்திட்டவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். 1934-இல் காங்கிரசு சோஷலிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர்.